அப்பா ரிப்போர்ட்ல பி16 பாசிட்டிவ்னு போட்டிருக்கு, உணவுக்குழாய் கேன்சர் வைரஸால வருமா?

செல்வி_கும்மோணம்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா எழுதுறேன் மன்னிச்சுக்கோங்க. அப்பாவுக்கு 63 வயசு. ரெண்டு மூணு மாசமாவே இட்லிய கூட தண்ணி குடிச்சு குடிச்சுதான் உள்ள தள்ளிக்கிட்டு இருந்தாரு, கேட்டா கேஸ்ட்ரபிள்ம்பாரு. தீபாவளி அன்னைக்கு கறித்துண்டு ஒண்ணு நெஞ்சுல அடைச்சுக்கிட்டு ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல, அப்பதான் தூக்கிட்டு ஓடினோம். எண்டோஸ்கோபில பல்லுலேருந்து 28 சென்டிமீட்டர்ல கட்டி இருக்குன்னாங்க, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்ல ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு போட்டு கீழ சின்ன எழுத்துல பி40 பாசிட்டிவ், பி16 பாசிட்டிவ்னு இருக்கு.

பிரச்சனை என்னன்னா பெரியப்பா பையன் பெங்களூர்ல ஐடில இருக்கான், அவன் அந்த பி16ஐ கூகிள் பண்ணிட்டு பேமிலி வாட்ஸப் குரூப்லயே போட்டுட்டான், இது எச்பிவி வைரஸ்னால வர்றது, அந்த வைரஸ் உடலுறவு மூலமா பரவும்னு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் வீடு வீடா இல்ல. அத்தை வந்து அம்மாவ தனியா கூப்பிட்டு என்னமோ கேட்டிருக்காங்க, அம்மா ராத்திரி பூரா தூங்கல. அப்பாவோட டம்ளர், தட்டு ரெண்டும் இப்ப தனி ஷெல்ப்ல இருக்கு, யார் எடுத்து வச்சாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

டாக்டர்கிட்ட கேட்டேன். வெளிய நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னாரு, அடுத்த டோக்கன கூப்பிட்டாங்க.

அப்பாவுக்கு முப்பது வருஷமா வெத்தலை பாக்கு, கூடவே புகையிலை. பீடி பத்து வருஷம் முன்னாடி விட்டுட்டாரு. தண்ணி பழக்கம் இல்ல. டீ மட்டும் கொதிக்க கொதிக்க வேணும், ஆத்திக் குடுத்தா "இது என்ன கஷாயமா"ம்பாரு. இது நிஜமாவே வைரஸால வந்ததா? அம்மா டெஸ்ட் எடுக்கணுமா? ட்ரீட்மென்ட் மாறுமா? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பாண்டியன்64

அம்மாடி முதல்ல அந்த டம்ளர எடுத்து பழைய எடத்துல வைங்க. எங்க மச்சானுக்கு இதே வியாதி நாலு வருஷம் முன்ன, அஞ்சு வாரம் கீமோ, கூடவே 23 நாள் கரண்ட் (ரேடியேஷன்) வச்சாங்க, அப்புறம் ஆபரேஷன். அவ்வளவு நாளும் என் தங்கச்சிதான் ஒரே தட்டுல மிச்சம் மீதி சாப்பிட்டா, ஒண்ணும் ஆகல. கேன்சர் ஒட்டுவாரொட்டி கிடையாது. வைரஸ் சமாச்சாரம் எனக்கு தெரியாது, படிச்சவங்க வருவாங்க.

கண்ணாடி_ஸ்லைடு

நான் பேத்தாலஜி லேப்ல 11 வருஷமா இருக்கேன், இந்த மாதிரி ஸ்லைடு தினமும் கண்ணுல படுது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

முதல்ல பி40. அதுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்ல. கட்டி ஸ்குவாமஸ் வகைதானான்னு உறுதி பண்ண போடுற சாயம், அவ்வளவுதான். உணவுக்குழாய் கேன்சர்ல ரெண்டு பெரிய வகை, ஒண்ணு ஸ்குவாமஸ், இன்னொண்ணு அடினோ. அடினோ வெள்ளக்காரங்க நாட்டுல ஜாஸ்தி, கீழ்ப்பகுதில வரும், வருஷக்கணக்கா ஆசிட் மேல ஏறி ஏறி அந்த தோல் மாறிப்போய் வர்றது. நம்ம பக்கம், சீனா, ஈரான், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் பெரும்பாலும் ஸ்குவாமஸ்தான். உங்க அப்பாவுக்கு 28ல இருக்குன்னா நடுப்பகுதி, அது இந்த வகை வழக்கமா வர்ற எடம்.

இப்ப பி16. பயமுறுத்துற பேர் மாதிரி இருக்கு ஆனா அது வைரஸ் இல்ல. நம்ம செல்லுல இயற்கையாவே இருக்குற ஒரு புரதம், செல் கண்டபடி பெருகாம பிரேக் போடுற வேலை. எச்பிவி வைரஸ் செல்லுக்குள்ள போனா ஈ7னு ஒண்ண தயாரிக்கும், அது ஆர்பிங்கற இன்னொரு பிரேக்க உடைச்சிடும், அப்ப செல் "அய்யய்யோ பிரேக் புடிக்கலயே"ன்னு பி16ஐ குவிச்சுக்கிட்டே போகும். அதனால தொண்டைல, அதாவது டான்சில், நாக்கோட அடிப்பகுதி, இங்க வர்ற கேன்சர்ல பி16 நல்லா தெரிஞ்சா எச்பிவிதான்னு ஓரளவு நம்பலாம், அமெரிக்கால தொண்டை கேன்சர்ல 70 சதவீதம் கிட்ட இந்த வைரஸாலதான். உங்க அண்ணன் கூகிள்ல படிச்சது அதுவாதான் இருக்கும்.

ஆனா தொண்டைய தாண்டி ஒரு ஜாண் கீழ எறங்கினா இந்த கணக்கு செல்லாது. உணவுக்குழாய்ல வைரஸே இல்லாம பி16 ஏறி நிக்கும், ஆர்பி வேற வழில உடைஞ்சாலும் ஏறும். அங்க பி16ஐ வச்சு வைரஸ் இருக்குன்னு சொல்லவே முடியாது. எங்க லேப்ல உணவுக்குழாய் கேஸுக்கு பி16 போடுறதே இல்ல. சில எடத்துல பேனலா மொத்தமா போட்டு பில்லும் மொத்தமா போடுவாங்க, அதுல வந்த வினைன்னு நினைக்கிறேன்.

ரகுவரன்_கோவை

அப்படி ஒரேடியா தள்ளிட முடியாதுங்க. நான் நெட்ல நிறைய படிச்சிருக்கேன், சீனால உணவுக்குழாய் கட்டில பாதிக்கு மேல எச்பிவி இருக்குன்னு பேப்பரே வந்திருக்கு, ஆஸ்திரேலியால சிட்னில ஒரு குழு அடினோ வகைலயும் இருக்குன்னு 2013ல போட்டிருக்காங்க. டாக்டருங்க இத வெளிய சொல்ல மாட்டேங்குறாங்க. வீட்டுல எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கறது நல்லதுங்க, அப்பாவுக்கும் சேத்து.

கண்ணாடி_ஸ்லைடு

ரகு சார், நீங்க சொன்ன பேப்பர் எல்லாம் இருக்கு, யாரும் மறைக்கல. இந்த கேள்விய முதல்ல கெளப்பினதே 1982ல பின்லாந்து பேத்தாலஜிஸ்ட் காரி சிர்யானென், உணவுக்குழாய் கட்டில எச்பிவி வந்தா தெரியற மாதிரி செல் மாற்றம் தெரியுதுன்னு எழுதினாரு. அடுத்த ரெண்டு வருஷத்துலயே ஜெர்மனில ஹரால்ட் சுர் ஹவுசன் குழு கர்ப்பப்பை வாய் கேன்சர்ல எச்பிவி 16, 18 ரெண்டையும் புடிச்சாங்க, பின்னாடி 2008ல நோபல். அதுக்கப்புறம் எல்லாரும் எல்லா உறுப்புலயும் தேட ஆரம்பிச்சாங்க.

தேடினா என்ன கெடச்சுதுன்னு பாருங்க. ஒரு ஆய்வுல பூஜ்யம், இன்னொண்ணுல 60 சதவீதத்துக்கும் மேல. ஒரே நாடு, ஒரே வகை கேன்சர், இவ்வளவு வித்தியாசம் வந்தா நான் கட்டிய சந்தேகப்பட மாட்டேன், லேப்பதான் சந்தேகப்படுவேன். வைரஸோட டிஎன்ஏவ பல மடங்கு பெருக்கித் தேடுற பிசிஆர் டெஸ்ட் அவ்வளவு நுணுக்கம், பக்கத்து டேபிள்ல கர்ப்பப்பை ஸ்லைடு வெட்டின அதே பிளேடுல இத வெட்டினா கூட பாசிட்டிவ் காட்டும். எனக்கே ஆரம்பத்துல ஒரு தடவை ஆச்சு. கன்ட்ரோலுக்கு வச்ச வெறும் தண்ணி ட்யூப் பாசிட்டிவ் வந்துச்சு, மொத்த பேட்சையும் தூக்கிப் போட்டோம், சீனியர் ரெண்டு நாள் என்கூட பேசல.

2010ல சீனாவுலயே 270க்கு மேல கட்டிகள எடுத்து கண்டாமினேஷன் ஆகாம ரொம்ப கவனமா பாத்தாங்க, வைரஸ்தான் காரணம்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் கெடைக்கல. 2017ல அமெரிக்காவோட கேன்சர் ஜீனோம் திட்டத்துல ரெண்டு வகையும் சேத்து 164 உணவுக்குழாய் கட்டிய ஜீன் ஜீனா பிரிச்சு பாத்தாங்க, அதுலயும் ஸ்குவாமஸ் வகைல எச்பிவி காரணமா இருக்கற அடையாளம் இல்ல.

எனக்கு இத விட பெரிய ஆதாரம் பி53. கட்டி வராம காவல் காக்குற ஜீன் அது. எச்பிவி வந்தா அதோட ஈ6 புரதம் அந்த பி53ஐ நேரா அழிச்சிடும், அதனால வைரஸால வந்த கேன்சர்ல பி53 ஜீன் பெரும்பாலும் முழுசாவே இருக்கும், உடைக்க வேண்டிய தேவையே இல்லையே. உணவுக்குழாய் ஸ்குவாமஸ்ல பாத்தா 90 சதவீதத்துக்கு மேல பி53 ஜீனே உடைஞ்சு கெடக்கு. சாவி கையில வச்சிருக்கற திருடன் எதுக்கு பூட்ட உடைக்கணும் சொல்லுங்க.

சிட்னி குழு சொல்றது அடினோ வகை பத்தி, அத நான் ஒதுக்கல. எச்பிவிக்கு ரெண்டு வகை தோல் வந்து சந்திக்கிற எடம்னா ரொம்ப பிடிக்கும், கர்ப்பப்பை வாய், ஆசனவாய் எல்லாம் அப்படித்தான், ஆசிட்டால மாறின உணவுக்குழாயும் வயிறும் சந்திக்கிற எடமும் அப்படி ஒரு சந்திப்பு. அதனால அங்க யோசிக்க இடம் இருக்கு, ஆனா மத்த குழுக்கள் அதே அளவுக்கு கண்டுபிடிக்கல. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பு லியான்ல இருக்கு, எச்பிவி 16 உண்டாக்குற கேன்சர் லிஸ்ட்ல அவங்க வாய், டான்சில், தொண்டை எல்லாம் சேத்திருக்காங்க, உணவுக்குழாய சேக்கல. செல்வி அப்பாவோடது ஸ்குவாமஸ், அதனால சிட்னி கதை இங்க வராது.

தடுப்பூசி வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் பிரயோஜனம், இருக்குற கட்டிய ஒண்ணும் செய்யாது. 63 வயசு நோயாளிக்கு போடச் சொல்றது தப்பு. வீட்டுல 9 லேருந்து 14 வயசுல புள்ளைங்க இருந்தா அவங்களுக்கு தாராளமா போடுங்க, அது வேற காரணம்.

நாமக்கல்_மாட்டுடாக்டர்

நான் மனுஷ டாக்டர் இல்லைங்க, கால்நடை. ஆனா இந்த விஷயத்துல எங்களுக்கு ஒரு சங்கதி இருக்கு, சொல்லாம போக மனசு வரல.

உணவுக்குழாய் கேன்சருக்கும் பாப்பிலோமா வைரஸுக்கும் நேரடியா தொடர்பு நிரூபிச்சது மாட்டுலதான். ஸ்காட்லாந்து மலைப்பக்கம் மேயுற மாடுங்களுக்கு தொண்டை, உணவுக்குழாய், வயிறுன்னு கேன்சர் கொத்து கொத்தா வந்துச்சு. கிளாஸ்கோ கால்நடை காலேஜ்ல வில்லியம் ஜாரட்னு ஒருத்தர், பூனைக்கு வர்ற லுக்கிமியா வைரஸ கண்டுபிடிச்ச அதே மனுஷன், 1978ல எழுதினாரு. மாட்டோட உணவுக்குழாய்ல மரு வருது, அது மாட்டு பாப்பிலோமா வைரஸ் நாலாம் நம்பர். நல்ல புல்லு மேயுற மாட்டுக்கு அந்த மரு கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துடும். பிராக்கன்னு ஒரு பெரணி செடி, அத மேயுற மாட்டுக்கு மட்டும் உதிராம கேன்சரா மாறிடுது. பெரணில இருக்குற விஷம் எதிர்ப்பு சக்தியையும் சாய்க்கும், ஜீனையும் கெடுக்கும். கன்னுக்குட்டிக்கு வைரஸையும் பெரணியையும் சேத்து குடுத்து வருஷக்கணக்கா பாத்து உறுதியும் பண்ணிட்டாங்க. நம்ம நீலகிரில மாடு ரத்தமா மூத்திரம் போறதும் இந்த பெரணி மேஞ்சுதான், அது மூத்திரப்பை.

இதுல கண்ணாடி சாருக்கு ஒரு கேள்வி. மாட்டு உணவுக்குழாய்ல கேன்சர் முத்தினப்புறம் தேடினா வைரஸே பெரும்பாலும் கெடைக்காது. மருவுல இருக்கு, கேன்சர்ல இல்ல. வந்து கெடுத்துட்டு ஓடிப்போற கதை. அப்ப மனுஷனுக்கும் முப்பது வருஷம் முன்னாடி வைரஸ் வந்து விதைச்சுட்டு போயிருந்தா 2017ல ஜீன் ஜீனா பிரிச்சாலும் எப்படி தெரியும்?

இன்னொண்ணும் சொல்லிடுறேன், நாமக்கல்காரன் கோழி பத்தி பேசாம இருக்க முடியாது. சீனால ஹெனான் மாகாணத்துல லின்சியான்னு ஒரு ஊர், உலகத்துலயே உணவுக்குழாய் கேன்சர் ரொம்ப அதிகம் இருந்த எடங்கள்ல ஒண்ணு. அங்க வீட்டுக் கோழிங்களுக்கும் தொண்டை, உணவுக்குழாய் கேன்சர் வந்திருக்கு. கோழி பீடி குடிக்காது, சரக்கடிக்காது. வீட்டு மிச்சம் சாப்பிடும்.

கண்ணாடி_ஸ்லைடு

டாக்டர், நல்ல கேள்வி, நேர்மையா சொல்றதுன்னா ஓடிப்போன திருடன புடிக்கிறது கஷ்டம்தான். ஆனா மாட்டுல என்ன வசதின்னா பக்கத்துலயே மரு இருக்கு, மருலேருந்து கேன்சர் வரைக்கும் படிப்படியா பாக்கலாம், வைரஸ் முதல் படில நிக்குது, கடைசி படில இல்ல. மனுஷன்ல அந்த முதல் படிய, அதாவது கேன்சருக்கு முந்தின நிலைல இருக்குற தோல பாத்தாலும் இந்த வகைல வைரஸ் ஒழுங்கா சிக்க மாட்டேங்குது. மனுஷனுக்கு உணவுக்குழாய்ல மரு வர்றதே அபூர்வம், நான் இத்தனை வருஷத்துல விரல் விட்டு எண்ணலாம். அதனால வாய்ப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆதாரம் அந்தப்பக்கம் போகலன்னுதான் சொல்வேன்.

கோழி கதை எனக்கும் ரொம்ப பிடிக்கும், ஆனா அது என் கட்சிக்குதான் ஓட்டு போடுது. அந்த ஊர்ல காய்கறிய தண்ணில ஊறப்போட்டு பூஞ்சை புடிக்கிற வரைக்கும் வச்சு சாப்பிடுற பழக்கம் இருந்துச்சு, சந்தேகம் எல்லாம் அதுமேலயும் நைட்ரோசமைன்ங்கற கேன்சர் உண்டாக்குற ரசாயனம் மேலயும், சத்துக்குறைவு மேலயும்தான் போச்சு.

செல்வி_கும்மோணம்

ரெண்டு பேரும் பேசுறத மூணு தடவை படிச்சேன், முக்கால்வாசி புரிஞ்சுது. அப்ப அப்பாவுக்கு எதனால வந்துச்சுன்னு வச்சுக்கறது? வெத்தலை பாக்குனால வாய்ல தான வரும்னு நினைச்சேன். எப்ஸ்டீன் பார், ஹெர்பிஸ்னு வேற ரெண்டு வைரஸ் பேரும் அண்ணன் போட்டிருக்கான்.

கண்ணாடி_ஸ்லைடு

ஹெர்பிஸ், சிஎம்விங்கற இன்னொரு வைரஸ் எல்லாம் எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்களுக்கு உணவுக்குழாய்ல புண்ணு போடும், முழுங்கினா உயிர் போற வலி வரும், மருந்துல ஆறிடும், கேன்சர் ஆகாது. எப்ஸ்டீன் பார் வயித்து கேன்சர்ல பத்துல ஒண்ணு கிட்ட பாக்கலாம், உணவுக்குழாய்ல கிட்டத்தட்ட கிடையாது.

வெத்தலை பாக்கு வாயோட நிக்காது. அந்த சாற முழுங்குறோம்ல. லியான் அமைப்பு 2012ல வெளியிட்ட தொகுப்புல புகையிலை சேத்த வெத்தலை மட்டுமில்ல, புகையிலை சேக்காத வெத்தலை பாக்கே வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் கேன்சர் காரணம்னு தெளிவா போட்டிருக்காங்க. பாக்குதான் வில்லன். முப்பது வருஷ பாக்கு, புகையிலை, பீடி இவ்வளவு இருக்கும்போது நான் வைரஸ தேடிப் போக மாட்டேன். அப்பாகிட்ட இத எப்படி சொல்லணும்னு உங்களுக்குத்தான் தெரியும், இப்ப குத்திக்காட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

அம்மாவுக்கு இந்த ரிப்போர்ட்டுக்காக எந்த டெஸ்ட்டும் வேணாம். பொதுவா அந்த வயசு வரைக்கும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் ஒரு தடவை கூட எடுக்கலன்னா அதுக்காக எடுக்கலாம். எச்பிவி ஒரு தடவையாவது ஒட்டாத ஆள் ரொம்ப கம்மி, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே வெரட்டிடும், அத வச்சு யாரையும் சந்தேகப்படுறதுல அர்த்தமே இல்ல. அத்தைக்கு படிச்சு காட்டுங்க.

டீக்கடை_பேரன்

எங்க தாத்தா டீக்கடை வச்சிருந்தாரு அதனால இந்த சூடு விஷயம் மட்டும் நான் பேசலாம்னு நினைக்கிறேன். 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிறது கேன்சர் உண்டாக்க வாய்ப்பு அதிகம்னு 2016ல அதே லியான் அமைப்பு சொன்னப்போ நான் பால் தெர்மாமீட்டர எடுத்துக்கிட்டு கடைல உக்காந்துட்டேன், கண்ணாடி கிளாஸ்ல ஊத்தின நிமிஷம் 74 காட்டுச்சு, உயரமா தூக்கி நாலு ஆத்து ஆத்தினா 60க்கு கீழ வந்துடுது. ஆத்துறது நுரைக்குன்னு தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஈரான்ல கோலெஸ்தான்னு ஒரு மாகாணம், 50 ஆயிரம் பேர வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க, 60 டிகிரிக்கு மேல தினமும் 700 மில்லி டீ குடிச்சவங்களுக்கு, ஆறவச்சு கம்மியா குடிச்சவங்கள விட ஆபத்து 90 சதவீதம் அதிகம்னு 2019ல வந்துச்சு. காஷ்மீர்லயும் உப்பு டீய கொதிக்க கொதிக்க குடிப்பாங்க, அங்கயும் இந்த கேன்சர் அதிகம். எங்க தாத்தா 88 வயசு வரைக்கும் இருந்தாரு, அவரு டீ குடிக்க மாட்டாருங்கறது வேற விஷயம்.

ரகுவரன்_கோவை

சரிங்க, அப்பாவுக்கு ஊசி போடச் சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பி16 போட்டு காசு வாங்கிட்டு அதுக்கு ஒரு வரி விளக்கம் எழுதாத லேப்ப என்ன சொல்றது?

கண்ணாடி_ஸ்லைடு

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல சார். நாங்க "இந்த உறுப்புல இதுக்கு அர்த்தம் இல்ல"ன்னு எழுதினா ஏன் போட்டீங்கன்னு கேப்பாங்க.

செல்வி_கும்மோணம்

நேத்து ராத்திரி அத்தைக்கு போன்லயே படிச்சு காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும்"னு சொன்னாங்க 🙂 அண்ணன் குரூப்ல இன்னும் ஒண்ணும் போடல, ப்ளூ டிக் மட்டும் விழுந்துடுச்சு. அப்பா பாக்க நிறுத்திட்டேன்னு சொல்றாரு, சட்டப்பைல தேடினா சீவல் பொட்டலம்.

ஒரு கடைசி சந்தேகம். திங்கக்கிழமை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறோம், இங்க கரண்ட் மிஷின் ரிப்பேர், ரெண்டு வாரம் ஆகுமாம். இந்த பி16 விஷயத்த அங்க நானா சொல்லணுமா இல்ல அவங்களே திரும்ப சதை எடுப்பாங்களா? திரும்ப எண்டோஸ்கோபின்னா அப்பா ஒத்துக்க மாட்டாரு, போன தடவையே குழாய கடிச்சுட்டாரு.

கண்ணாடி_ஸ்லைடு

சொல்லணும்னு அவசியம் இல்ல, ட்ரீட்மென்ட் அத வச்சு மாறாது. ஆனா போறதுக்கு முன்னாடி இப்ப இருக்குற லேப்ல, எடுத்த சதைய பதிச்சு வச்சிருக்குற மெழுகு பிளாக், ஸ்லைடு ரெண்டையும் எழுதிக் குடுத்து கேட்டு வாங்கிடுங்க, ரிப்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் குடுத்து அனுப்பிடப் பாப்பாங்க, விட்டுடாதீங்க. பிளாக் கையில இருந்தா அவங்க அதையே வெட்டிப் பாத்துக்குவாங்க, பெரும்பாலும் திரும்ப குழாய் விட வேண்டி வராது. வெயில்ல கார்ல வச்சுட்டு போகாதீங்க, மெழுகு உருகிடும்.